தலை வைத்த இடம்

கனமூலை
14.01.2012

என் றைஸா ராத்தாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் காவலில் இங்கே எல்லோரும் சுகம். இவருக்கு மட்டும் உப்பளத்தில் பாத்தி கட்டிக் கட்டிக் காலெல்லாம் வெடிப்பு. உங்களுக்கும் பாறூக் மச்சானுக்கும் உடம்பு எப்படி? ஆனை வந்து போனதாக நூஹு சொன்னான். நீங்கள் ஆனைக்குப் பயந்தீர்களா, ஆனை உங்களுக்குப் பயந்ததா என்று அவன் சொல்லவில்லை.

நீங்கள் பாலைப்பிட்டிக்குத் திரும்பிப் போய் இரண்டு வருஷம் ஆகப்போகிறது. அங்கே சிக்னல் எடுக்க இரண்டு கட்டை நடக்க வேண்டும் என்பதால் நாம் இன்னும் கடிதம் எழுதுகிறோம். நூஹுவின் மீன் லொறி ஓடும்வரை நமக்குத் தபாற்காரன் தேவையில்லை.

இப்போது ஒரு கூத்தைக் கேளுங்கள். வாக்காளர் பட்டியலில் பேர் பார்க்க ஓர் அரசாங்கக் கந்தோருக்குப் போனேன். அந்த ஐயா கொப்பியைப் புரட்டிவிட்டு, "உங்கட பேர் இங்க இல்ல. மன்னார்ல கேளுங்க" என்றார். மன்னாரில் போன வருஷம் கேட்டதற்கு, "புத்தளத்துல கேளுங்க" என்றார்கள். தொண்ணூறாம் ஆண்டு வடக்கு முஸ்லிம்களையெல்லாம் இயக்கம் ஊரைவிட்டுப் போகச் சொல்லி, வள்ளத்தில் ஏறிக் கற்பிட்டியில் இறங்கியபோது எனக்குப் பதினாறு வயது. இப்போது முப்பத்தெட்டு. இரண்டு கொப்பியிலும் இல்லாத ஒரு பெண்ணுக்கு எப்படி வயது மட்டும் கூடுகிறதோ!

கோபத்தோடு வீட்டுக்கு வந்து, மதுரங்குளிக் கல்யாண வீட்டுக்குத் தைத்துக்கொண்டிருந்த தலையணை உறையைக் கையில் எடுத்தேன். வழக்கம்போல நாலு மூலையிலும் ரோசாப்பூ, நடுவில் "இனிய கனவுகள்" என்று வர வேண்டியது. கை தன்பாட்டுக்குத் தைத்துவிட்டது: "உங்கட பேர் இங்க இல்ல." சங்கிலித் தையலில், வளைத்து வளைத்து, அவ்வளவு வடிவாக.

நூஹுவின் பெண்சாதி கமீலா வந்து பார்த்து விழுந்து விழுந்து சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் அழுதுவிட்டாள். பிறகு, "எனக்கும் ஒரு ஊசி தா" என்றாள்.

கேட்க மறந்தேன். நம் வீட்டு வளவுக் கிணறு எப்படி இருக்கிறது? தூர்ந்துவிட்டதா? ஒரு கடிதத்திலும் நீங்கள் அதைப்பற்றி எழுதவில்லையே.

துஆவில் என்னை மறக்காதீர்கள்.

ஸாஜிதா


பாலைப்பிட்டி
02.02.2012

அன்புத் தங்கச்சி ஸாஜிதாவுக்கு,

வ அலைக்குமுஸ்ஸலாம். நாங்கள் இருவரும் இருக்கிறோம். மச்சானுக்குக் கை முழுக்க முள்ளுக் காயம். காடு வெட்டுகிற கைக்கு மருந்து என்ன, நாளைக்கும் வெட்டுவதுதான். ஆடு இரண்டு குட்டி போட்டது. ஒன்று கறுப்பு.

இங்கே பழைய ஊரில் மிஞ்சியிருப்பது பள்ளியின் ஹவ்ள் மட்டும்தான். தொழுகைக்கு ஒழு எடுக்கிற அந்தத் தொட்டிக்குள் இப்போது மழைத் தண்ணீரும் தவளையும். மற்ற நாலு குடும்பமும் அதன் பக்கத்தில் கூடாரம் அடித்திருக்கிறார்கள். நாங்கள் மட்டும் வளவைத் துப்புரவாக்கிக் கொட்டில் போட்டிருக்கிறோம்.

காணிக்குப் பேர் பதிகிற காணிக் கச்சேரி இந்த வருஷம் வைப்பார்களாம். அளக்க வந்த ஐயா சுற்றிப் பார்த்துவிட்டு, "இது காடு. இங்க எங்க ஊர் இருந்தது?" என்று கேட்டார். அவரிடம்தான் நம் பேர் பதிய வேண்டும். ஆகையால் உன் ஊசியை அடக்கு. சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த கதையாகப் போகும். கல்யாண வீட்டுக்கு வேறு உறை தைத்துக் கொடு.

ரோசாப்பூவுக்கு என்ன நிறம் போட்டாய்?

வஸ்ஸலாம்.

உன் ராத்தா
றைஸா


கனமூலை
26.02.2012

என் ராத்தாவுக்கு,

ஸலாம். எல்லோரும் நலம். மச்சானின் கைக்குக் களிம்பு ஒன்று நூஹுவிடம் கொடுத்திருக்கிறேன். கறுப்புக் குட்டிக்கு என் முத்தம்.

ரோசாப்பூ சிவப்பு. உங்களுக்கு அது தெரியாமல் இருக்க முடியவில்லை, பார்த்தீர்களா!

ஊசியை அடக்கச் சொன்னீர்கள். இப்போது பதினேழு ஊசி. நான் ஒருத்தரையும் கூப்பிடவில்லை ராத்தா. கமீலா யாரிடமோ சொல்லி, அவள் யாரிடமோ சொல்லி, பின்நேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு ஒவ்வொருத்தராக வந்து பாயில் உட்காருகிறார்கள். தலையணை உறை என்றால் ஜோடிதானே. அதனால் ஒரு முறை வைத்துக்கொண்டோம். இடது உறையில் நமக்குச் சொல்லப்பட்டது. வலது உறையில் நாம் அப்போது சொல்லாமல் விட்டது.

என் இடது உறைக்கு வலது உறை, "என் பேர் ஸாஜிதா."

ஊரில் நம் பக்கத்து வீட்டில் இருந்த றஹ்மத் உம்மாவுக்குக் கண் மங்கல். இருந்தும் இடது உறையில் "அடுத்த மாசம் வாங்க" என்று பன்னிரண்டு தடவை தைத்தார். ஒவ்வொன்றும் வேறு வேறு நிறம். வலதில் ஒரே ஒரு வரி: "எந்த வருஷம் மகன்?" அதை முடித்து நூலைப் பல்லால் கடித்தார்.  யாழ்ப்பாணத்திலிருந்து வந்த ஒருத்தி, "அகதி வரிசை அங்கால" என்று தைத்தாள். தண்ணிக் குழாயடியில் அவளுடைய ஏழு வயதில் யாரோ சொன்னது. வலது உறையில் அவள் ஒன்றுமே தைக்கவில்லை. விளிம்பை மட்டும் மடித்து, மயிரிழை பிசகாத ஓட்டுத் தையல் போட்டாள். அந்த வெறும் வெள்ளைத் துணியை நான் எத்தனை தரம் எடுத்துப் பார்த்தேன் என்று எனக்கே தெரியாது.

இருபது வருஷமாகப் பூவும் கிளியும் தைத்தேன். இந்தக் கைகளுக்குள் இவ்வளவு இருந்தது எனக்குத் தெரியாமல் போயிற்றே!

உங்களுக்குச் சொல்லப்பட்ட வசனம் எது? எழுதி அனுப்புங்கள். நம் வீட்டு ஜோடியை நான் இன்னும் தொடங்கவில்லை. மே மாதம் நகரத்தில் ஒரு மண்டபம் எடுத்து எல்லாவற்றையும் தொங்கவிடப் போகிறோம்.

கிணற்றைப்பற்றிக் கேட்டிருந்தேன்.

ஸாஜிதா


பாலைப்பிட்டி
21.04.2012

அன்புத் தங்கச்சிக்கு,

ஸலாம். பதில் சுணங்கியதற்குக் காரணம் மச்சானுக்குக் காய்ச்சல். மலேரியாவோ என்று பயந்தோம். இல்லையாம். இப்போது எழும்பிக் கஞ்சி குடிக்கிறார். குடித்துவிட்டு, "அந்த மூலையில முள்ளு வளருது" என்று கத்தியைத் தேடுகிறார். கலியாணம் முடித்து ஏழு மாதம்தான் இந்த ஊரில் இருந்தவர், அதிலும் பாதி நாள் கடலில். அவருக்கு இந்த மண்மேல் இவ்வளவு ஆசை எங்கிருந்து வந்ததோ.

களிம்பு நல்லது. இன்னொன்று அனுப்பு.

என்னிடம் ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. என்னிடம் வசனம் இல்லை. மண்டபம் கிண்டபம் என்று போகாதே.

றைஸா


கனமூலை
20.05.2012

ராத்தா,

ஸலாம். மச்சானுக்குச் சுகமானது கேட்டு ரெண்டு ரக்அத் தொழுதேன். இங்கே எல்லோரும் நலம் என்று எழுதுவது போதாது. இங்கே எல்லோரும் இன்னும் மயக்கத்தில் இருக்கிறோம்.

மண்டபம் தருகிறோம் என்றவர்கள் முதல் நாள் பின்நேரம், "மேல இருந்து வேணாம் எண்டுட்டாங்க" என்று சொல்லிவிட்டார்கள். மேலே யார் என்று கேட்டதற்குக் கூரையைப் பார்த்தார்கள். அறுபத்து மூன்று ஜோடி உறையோடு ரோட்டில் நின்றோம். உடப்பிலிருந்து சுஜாந்தி வந்திருந்தாள். நம் வேலையைப் பார்க்க வந்த கரைவலைக்காரரின் மகள். அவள்தான் கேட்டாள்: "ஏன் அக்கா, தோய்ச்ச உடுப்பக் காயப்போட யாரிட்ட அனுமதி கேக்கிறது?"

மறுநாள் காலை அவளே வலை இழுக்கிற கயிறு கொண்டுவந்தாள். பஸ் ரோட்டோரம், கடல் தண்ணீர் நிற்கிற களப்புக் கரையில் கம்பம் கம்பமாகக் கட்டினோம். உண்மையாகவே எல்லா உறையையும் தோய்த்து, ஈரத்தோடு காயப்போட்டோம். பொய் சொல்லக்கூடாது பாருங்கள்.

காற்று எழும்பியது ராத்தா. நூற்று இருபத்தாறு உறையும் ஒன்றாக வயிறு ஊதி நின்றன. உள்ளே யாரோ தலை வைத்திருப்பது போல ஒவ்வொன்றும் பொம்மிக்கொண்டு, எழுத்தெல்லாம் விறைத்துக்கொண்டு, பின்னால் களப்பு முழுக்க வெயில். நாங்கள்தான் தைத்தோம், நாங்கள்தான் கட்டினோம். அப்படியிருந்தும் வாய் பிளந்து நின்றோம். "சுப்ஹானல்லாஹ்" என்று கமீலா சொன்னது மட்டும் கேட்டது. கற்பிட்டி பஸ் நின்றது. சாரதி இறங்கி, ஒரு முனையிலிருந்து மறு முனை வரை வாசித்துக்கொண்டே நடந்தார். பஸ்ஸில் இருந்த ஒருத்தரும், "நேரம் போகுது" என்று சத்தம் போடவில்லை.

பொலிஸ் வந்து, "என்ன இது?" என்று கேட்டது. றஹ்மத் உம்மா, "உடுப்புக் காயுது மாத்தயா. மழ வருமா?" என்றார். அவர்கள் வானத்தைப் பார்த்துவிட்டு, "வராது" என்று சொல்லிப் போனார்கள்.

பத்து மணிபோல அந்தக் கந்தோர் ஐயாவே மோட்டார் சைக்கிளில் வந்தார். தன் வசனத்தைத் தானே வாசித்தார்.  "இந்த ரோசாப்பூ எதுக்கு?" என்று கேட்டார்.

"கல்யாணத் தலையணைக்குப் பூ வேணும்தானே ஐயா."

பக்கத்து உறையைத் திருப்பி வாசித்தார். "ஸாஜிதா" என்று ஒரு தடவை வாய்விட்டுச் சொன்னார். என் பேரை ஒரு கந்தோர்க்காரர் வாயால் கேட்டது அதுதான் முதல் தடவை. பிறகு தலைக்கவசத்தைப் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

நீங்கள் பக்கத்தில் இருந்திருக்க வேண்டும்.

ஸாஜிதா


பாலைப்பிட்டி
08.06.2012

ஸாஜிதாவுக்கு,

ஸலாம். சுகம் விசாரிக்க நேரமில்லை.

காணி ஐயா நேற்று வந்தார். யாரோ எடுத்த படம் அவருடைய தொலைபேசிக்கும் வந்திருக்கிறது. "புத்தளத்துல தலையணை உறை கட்டுறது உங்கட தங்கச்சியா?" என்று கேட்டார். நான் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். "ஓகஸ்ட் முப்பதாம் திகதி நான் வாறன். சுவர் காட்டுங்க, கிணறு காட்டுங்க. ஒண்டும் இல்லாட்டிக் காடு எண்டு எழுதிட்டுப் போறன்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. களைத்த மனிதன்போலச் சொன்னார். அதுதான் எனக்குக் கூடுதல் பயம்.

காடு என்று எழுதினால் மச்சான் இரண்டு வருஷம் வெட்டியதெல்லாம் குற்றமாகிவிடும். கொட்டிலைப் பிரிக்கச் சொல்வார்கள். பிறகு இந்த மண்ணில் நம் குடும்பத்துக்கு ஒரு சாண்கூட இல்லை. உன் கயிற்றில் இன்னும் ஒரு உறை தொங்கினால் அந்தப் பழி உன்மேல்தான். கையெடுத்துக் கேட்கிறேன், நிறுத்து.

றைஸா


கனமூலை
25.06.2012

ராத்தாவுக்கு,

ஸலாம். நிறுத்திவிட்டேன்.

பாயில் இருந்தவர்களிடம் உங்கள் கடிதத்தை வாசித்துக் காட்டினேன்.  உறைகளை மடித்து அலுமாரியில் வைத்துப் பூட்டினோம். எனக்கு மனவருத்தம்தான். அதை மறைக்க மாட்டேன். என் வாழ்க்கையில் நான் செய்த ஒரே பெரிய காரியத்தை ராத்தா பழி என்று எழுதினாரே என்று மூன்று நாள் சோறு இறங்கவில்லை. ஆனால் கொட்டிலா உறையா என்றால் கொட்டில்தான்.

ஒன்று மட்டும் விளங்கவில்லை. அவர் கிணறு காட்டச் சொல்கிறார். தூர்ந்த கிணறானாலும் இரண்டு நாள் தோண்டினால் கட்டுக் கல் தெரியாதா? நீங்கள் அந்த வளவுக்குள்ளேயே இருக்கிறீர்கள். கிணறு எந்த மூலையில் என்று உங்களுக்குத் தெரியும். ஏன் காட்டவில்லை? மூன்றாம் தடவையாகக் கேட்கிறேன்.

மச்சானுக்கு ஸலாம் சொல்லுங்கள்.

ஸாஜிதா


பாலைப்பிட்டி
20.07.2012

என் தங்கச்சிக்கு,

ஸலாமும் துஆவும். இந்தக் கடிதத்தை வாசித்துவிட்டுக் கிழித்துவிடு.

எனக்குத் தெரியாது ஸாஜிதா. கிணறு எங்கே என்று தெரியாது. இது நம் வளவுதானா என்றும் தெரியாது.

முதல் நாள் ட்ரக்டரால் இறங்கினோம். வீடுகளுக்கு நடுவால் போன ஒழுங்கை இல்லை, மதில் இல்லை, ஒரு கல்மேல் கல் இல்லை. வீரை மரமும் பாலை மரமும் முள்ளும் வானம் வரைக்கும். பள்ளித் தொட்டியைக் கண்டபோது அழுதேன். அங்கிருந்து எந்தப் பக்கம் எவ்வளவு தூரம் நடப்பது? இருபத்தைந்து வயது வரை கண்ணை மூடிக்கொண்டு நடந்த ஒழுங்கை. கண்ணைத் திறந்து பார்த்தால் ஒன்றும் இல்லை. எல்லோரும் என் முகத்தையே பார்த்தார்கள். மச்சான் ஓர் இடத்தில் நின்று, சின்னப் பிள்ளைபோலச் சிரித்துக்கொண்டு, "இதுதானே றைஸா?" என்று கேட்டார்.

நான் "ஓம்" என்றேன்.

அந்த ஓர் "ஓம்" தான். அவர் அன்றைக்கே கத்தியை எடுத்தார். இரண்டு வருஷம். ஒவ்வொரு முள்ளாக வெட்டும்போதும் சொல்ல வாய் திறந்தேன். ஒவ்வொரு நாளும் சொல்வது இன்னும் கஷ்டமானது. நீ கிணற்றைக் கேட்டாய், நான் ஆட்டைப்பற்றி எழுதினேன். என் வசனத்தைக் கேட்டாய். எனக்கு யாரும் சொன்னது அல்ல, நான் சொன்னதுதான் என்னைத் தின்கிறது. அதை எந்த உறையில் தைப்பது?

அந்த ஐயா வந்தால் நான் எதைக் காட்டட்டும்?

றைஸா


கனமூலை
03.08.2012

என் ராத்தாவுக்கு,

அல்லாஹ்வின் சாந்தி உங்கள்மீது இருக்கட்டும். இங்கே எல்லோரும் சுகம். நோன்பும் சுகமாகப் போகிறது. நீங்களும் சுகமாக இருக்க வேண்டும், அதற்கு நான் பொறுப்பு.

கடிதத்தைக் கிழிக்கவில்லை. மன்னித்துக்கொள்ளுங்கள். நான் நாற்பத்தொரு பேருக்கு விஷயத்தைச் சொல்லிவிட்டேன். உங்கள் "ஓம்" ஐச் சொல்லவில்லை. ஊர் மறைந்துவிட்டது, அதைக் கண்டுபிடிக்க வேண்டும் என்று மட்டும் சொன்னேன். அலுமாரியைத் திறந்தோம்.

உங்களுக்கு வீடு நினைவில்லை. எனக்கும் இல்லை. கமீலாவிடம் அவள் உம்மா வீட்டு வாசல் எந்தப் பக்கம் என்று கேட்டேன், முழித்தாள். "சரி, நீ எங்க படுத்தாய்? கால் எங்க இருந்தது?" என்று கேட்டேன். படபடவென்று சொன்னாள்! மேற்கே, தொழுகிற கிப்லாப் பக்கம் காலை நீட்டினால் உம்மாவிடம் அடி விழுமே ராத்தா. நம் ஊரில் எந்தப் பெண்ணுக்கும் தன் பாய் கிடந்த திக்கு மறக்காது. மேற்கு எது என்று உடம்புக்குத் தெரியும். அந்த உடம்பு படுத்துக்கொண்டே எதைக் கேட்டது, எதை மணந்தது என்றும் தெரியும். பள்ளியில் பாங்கு சொல்கிற மோதினார் தொண்டையைச் செருமுவது எந்தக் காதில் விழுந்தது, யார் வீட்டு அடுப்பில் பாண் கருகிற மணம் தலைமாட்டால் வந்தது, ராத்திரி எழும்பிக் குடத்தடிக்கு எத்தனை எட்டு நடை.  இருபத்திரண்டு வருஷம் ஊரைச் சுமந்தது நம் தலையல்ல, நாம் படுத்த படுக்கை.

பாலைப்பிட்டிப் பெண்கள் நாற்பத்தொரு பேரும் ஆளுக்கு ஓர் உறை. தலை வைத்த இடத்தை மட்டும் தைக்கிறோம். விடியுமுன் சஹர் வைத்துவிட்டு ஊசி எடுத்தால் மத்தியானம் லுஹர் வரைக்கும். பெருநாள் கழிந்ததும் நூஹு மூட்டையைக் கொண்டுவருவான். பள்ளித் தொட்டியிலிருந்து தொடங்குங்கள். மோதினாரின் மகள் தைத்ததைப் பார்த்தால் அடுத்தது எது என்று தெரியும். சங்கிலித் தையல் மாதிரி ஒன்றின் வாய்க்குள்ளிருந்துதான் மற்றது வரும்.

நம்முடையது மட்டும் மூட்டையில் இருக்காது. நான் சின்னவள், என் நினைவு பிசகி உங்களை வழி தவற வைத்தால் அது இன்னொரு "ஓம்" ஆகிவிடும்.

ஸாஜிதா


பாலைப்பிட்டி
05.09.2012

என் உயிருக்கு உயிரான தங்கச்சி ஸாஜிதாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நாங்கள் சுகம். உன் வீட்டார், கமீலா, றஹ்மத் உம்மா, ஊசி பிடித்த அத்தனை பேரும் சுகமாக இருக்க இங்கே ஐந்து வேளையும் துஆ கேட்கிறோம். ஒவ்வொன்றாக எழுதுகிறேன். பொறுமையாக வாசி.

நூஹு மூட்டையை இறக்கியது செவ்வாய்க்கிழமை. கூடாரத்தில் இருந்தவர்களையும் கூட்டிக்கொண்டு தொட்டியடியில் நின்றேன். மோதினாரின் மகளுடைய உறை: "தலை தெற்கே. வாப்பா செருமுவது வலது காதில். பள்ளி மதிலுக்குப் பதினாறு எட்டு." எண்ணி நடந்தோம். ஒரு வீரை மரம். அதில் உறையைக் கட்டினோம். அடுத்தது அவள் கால்மாட்டு யன்னலால் தெரிந்த வீடு. அடுத்தது, அடுத்தது. சில இடத்தில் பிசகிற்று. திரும்பி வந்து எண்ணினோம். பன்னிரண்டாவது உறை கட்டியபோது இரண்டு வரிசைக்கு நடுவே ஒரு வெறும் நீளம் தெரிந்தது. மரம் நிற்கத்தான் செய்கிறது. ஆனாலும் அது ஒழுங்கை, ஸாஜிதா! நம் ஒழுங்கை!  கூடாரத்து ஆண்கள் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தார்கள். ஏன் கழற்றினார்கள் என்று அவர்களுக்கே தெரியாது.

புதன்கிழமை முடியும்போது நாற்பத்தொன்றும் கட்டியாயிற்று. கமீலாவின் உறை: "என் தலைமாட்டுச் சுவருக்கு அங்கால ஸாஜிதா இருமுவாள்." அது வந்து விழுந்த இடம் எது தெரியுமா? எங்கள் கொட்டிலின் நடு. நான் இரண்டு வருஷம் படுத்தது கமீலாவின் உம்மா வீட்டு அறையில். நூஹு விழுந்து சிரித்தான். "ராத்தா, எங்கட ரூமையா எடுத்தீங்க!" என்றான். மச்சான் சிரிக்கவில்லை. றஹ்மத் உம்மாவின் உறையை நான்தான் கட்டினேன். "கால்மாட்டால் றைஸாவின் அடுப்புப் புகை வரும். சூதுவாது இல்லாத பிள்ளை." அந்த மரத்துக்கும் எங்கள் கொட்டிலுக்கும் நடுவே ஒரே முள்ளுப் பற்றை. அதில் மட்டும் ஓர் உறையும் இல்லை. ஊர் முழுக்க வெள்ளை தெரிய, ஒரே ஓர் இடம் வெறுமையாக இருந்தது. நாம் தைக்காமல் விட்ட இடம்தான் நம் வீடு.

மறுநாள் சுபஹு தொழுதபின் மச்சானிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அந்த "ஓம்" ஐச் சொன்னேன். அவர் தன் கையைப் பார்த்தார், அந்தக் காய்த்த கையை. பிறகு கத்தியை எடுத்துக்கொண்டு போய் அந்தப் பற்றையில் முதல் முள்ளை வெட்டினார். நான் அழுதுகொண்டே பக்கத்தில் நின்று வெட்டிய முள்ளை இழுத்துப் போட்டேன்.

ஒன்பது மணிக்கு ஐயா வந்தார். ஜீப்பிலிருந்து இறங்கி நேரே காட்டுக்குள் நடந்து வந்தவர், முதல் உறையில் முகம் முட்டி நின்றார். "மே மொனவத?" என்றார். இதெல்லாம் என்ன என்று.

"கொட்ட உற, மாத்தயா" என்றேன். தலையணை உறை. "ஒவ்வொண்டும் ஒவ்வொருத்தர் தலை வச்ச இடம்."

ஐயாவுக்குத் தமிழ் ஓரளவு பேச வரும், வாசிக்க வராது. அவரோடு வந்த தமிழ் எழுதுவினைஞர் ஒவ்வொன்றாக வாசித்துச் சிங்களத்தில் சொன்னார். ஐந்தாறு உறைக்குப் பிறகு அவருடைய குரல் இறங்கிவிட்டது. ஐயா சிலதைத் தொட்டுத் தையலைத் தடவிப் பார்த்தார். றஹ்மத் உம்மாவின் உறையை இரண்டு தடவை வாசிக்கச் சொன்னார். எவ்வளவு நேரம் நடந்தோம் என்று தெரியாது. 

கடைசியில் கொட்டிலடிக்கு வந்தார். கொப்பியை விரித்துப் பேனையை எடுத்தார். "ரெண்டு வருஷமா நீங்க பிடிச்சிருக்கிற காணி இது. இது உங்கட தானே?" என்று கேட்டார்.

இதற்குத்தானே இவ்வளவும். ஒரு "ஓம்" சொன்னால் போதும், பேர் எழுதிவிடுவார். துப்புரவாக்கிய நிலம், கொட்டில், ஆட்டுப்பட்டி எல்லாம் கண்முன்னே சாட்சி. பற்றையைக் காட்டினால் வெறும் முள்ளுத்தான் சாட்சி. மச்சானைப் பார்த்தேன். அவர் கத்தியை ஊன்றிக்கொண்டு என்னைப் பார்த்தார். இரண்டு வருஷத்துக்கு முதல் பார்த்த அதே முகம்.

"இல்ல" என்றேன். "இது கமீலாட உம்மாட காணி. பிழையா இருந்துட்டம். எங்கட அந்தா, முள்ளுக்குள்ள."

எழுதுவினைஞர் அதைச் சிங்களத்தில் சொல்லவில்லை. சொல்லத் தேவையிருக்கவில்லை. ஐயா பேனையை மூடினார். "இருபத்தாறு வருஷம் காணி பாக்கிறன். இது என்ர இல்ல எண்டு ஒருத்தரும் சொன்னதில்ல" என்றார், தனக்குத்தானே சொல்வதுபோல. அளக்கிற சங்கிலியோடு திரும்ப வருவதாகச் சொன்னார். எப்போது என்று சொல்லவில்லை. கடதாசி ஒன்றும் தரவில்லை. ஆகையால் கமீலாவிடம் ஊரெல்லாம் சொல்லித் திரியவேண்டாம் என்று சொல். கிணறும் இன்னும் அகப்படவில்லை, தேடுகிறோம்.

நம் ஜோடியை இனித் தை. இடதில் "ஓம்", வலதில் "இல்ல". ரோசாப்பூ சிவப்பாகவே இருக்கட்டும்.

அவர் போனதைச் சொல்லாமல் முடித்தால் எனக்கு நித்திரை வராது. ஜீப் நின்ற இடம் கொட்டிலிலிருந்து நேரே, மரங்களுக்குள்ளால் ஐம்பது எட்டு. வரும்போது அப்படித்தான் வந்தார். போகும்போதும் அப்படியே நடக்கத் தொடங்கியவர், பற்றை ஓரத்தால் போய் றஹ்மத் உம்மாவின் உறைக்கு முன்னால் சட்டென்று நின்றார். யாரோ படுத்திருக்கிற அறைக்குள் தெரியாமல் நுழைந்தவர்போலப் பின்வாங்கினார். பிறகு சுற்றிக்கொண்டு, மோதினார் வீட்டு மூலையில் திரும்பி, காடு என்று சொன்ன அந்த மனிதர் நம் ஒழுங்கையால் நடந்து போனார்.

அல்லாஹ் உன் கண்ணையும் கையையும் காப்பானாக.

உன் ராத்தா
றைஸா